சூரை மீனின் உணவை அறிய எந்த முறை: இரைப்பையா, முழுத்திசு ஐசோடோப்பா, அமினோ அமில ஐசோடோப்பா?

சூரை மீன்கள் எதைத் தின்கின்றன, கடலின் உணவு வலையில் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று ஆராயப் புகும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தடுமாறுகிறார்கள். இரைப்பையைத் திறந்து பார்க்கும் பழைய முறை, தசையைப் பொடியாக்கி அதன் நைட்ரஜன், கார்பன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதங்களை ஒட்டுமொத்தமாக அளக்கும் முறை, அதே தசையிலிருந்து அமினோ அமிலங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் முறை ஆகிய மூன்றில் எதற்குப் பணத்தையும் காலத்தையும் செலவிடுவது என்பதே அந்தத் தடுமாற்றம். வழிகாட்டியைக் கேட்டால் அவர் எதைச் செய்து பழகினாரோ அதைச் சொல்வார்; ஆய்வகத்தைக் கேட்டால் அவர்களிடம் எந்தக் கருவி ஓடுகிறதோ அதைச் சொல்வார்கள். இந்தக் கட்டுரை மூன்றையும் ஒரே அளவுகோல்களில் நிறுத்திப் பார்க்கிறது. எடுத்துக்காட்டாக மஞ்சள் துடுப்புச் சூரையையே பெரும்பாலும் கொள்கிறேன். வெப்பமண்டலக் கடல்களில் இம்மூன்று முறைகளும் ஒருசேரப் பயன்படுத்தப்பட்ட மீன் அது.

எடைபோடும் அளவுகோல்கள்

முதலாவது, உங்கள் கேள்வி எது என்பது. எந்த இனத்தைத் தின்றது, எந்த ஊட்ட மட்டத்தில் இருக்கிறது, எந்தக் கடற்பகுதியில் மேய்ந்தது என்பவை மூன்று வேறு கேள்விகள். ஆய்வு முன்மொழிவுகளில் இவை மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடைபட்டுக் கிடப்பதாலேயே பாதிக் குழப்பம் விளைகிறது.

இரண்டாவது, காலச் சாளரம். மீன் நேற்றுத் தின்றதை அறிய வேண்டுமா, கடந்த ஓராண்டில் தின்றதன் சராசரியை அறிய வேண்டுமா?

மூன்றாவது, அடித்தள மதிப்பு. உணவு வலையின் அடியில் இருக்கும் தாவர மிதவை உயிரிகளின் ஐசோடோப்பு விகிதம் இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் மாதிரி எடுக்கும் பரப்புக்குள் அது மாறுகிறதா, மாறினால் அதை அளக்க வழி இருக்கிறதா என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

நான்காவது, படகில் கிடைக்கும் மாதிரியின் நிலை. ஐந்தாவது, செலவு, ஆய்வகம் தரும் விலைப்பட்டியலில் இருப்பதும், அதில் இல்லாததும்.

இரைப்பை ஆய்வு

இரையின் இனப்பெயரைச் சொல்லும் திறனில் இதற்கு இணையான எளிய முறை வேறில்லை. மேற்கு இந்தியப் பெருங்கடலில், 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சில ஆண்டுகளில், சீஷெல்ஸ் தீவுகளைச் சுற்றிய பகுதியில் மஞ்சள் துடுப்புச் சூரைகள் இறாலைப் போன்ற ஒரு சிறிய மிதவை உயிரியை, நட்டோஸ்குயில்லா இன்வெஸ்டிகேட்டோரிஸ் என்னும் ஸ்டொமட்டோபாடை, மந்தை மந்தையாகத் தின்றன என்பது இரைப்பைகளைத் திறந்து பார்த்ததால்தான் தெரிய வந்தது. எவ்வளவு நுட்பமான ஐசோடோப்பு அளவீடும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்காது. இரையின் நீளத்தையும், அது குஞ்சா முதிர்ந்ததா என்பதையும் இரைப்பையே காட்டும்.

ஆனால் சாளரம் மிகக் குறுகியது. சூரையின் உடல் சூடும் செரிமான வேகமும் சேர்ந்து, விழுங்கிய மீனை ஒரு நாளுக்குள் அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுகின்றன. கணவாயின் அலகு மட்டும் செரிக்காமல் இரைப்பைச் சுவரின் மடிப்புகளில் சிக்கி நாட்கணக்கில் தங்கும். அலகுகளை எண்ணிக் கணக்கிட்டால் கணவாய் உண்மையைவிட அதிகமாகத் தின்னப்பட்டதாகத் தோன்றும். தூண்டில் கயிற்றில் பிடிபட்ட மீனின் இரைப்பையில் தூண்டில் இரையும் கிடக்கும். வெட்டுத் தழும்போ முள் துளைத்த ஓட்டையோ தெரிந்தால் அதை ஒதுக்கிவிடலாம், பாதி செரித்திருந்தால் ஒதுக்குவதே சிரமம். மிதவைப் பொருள்களைக் கட்டி வைத்துச் சுருக்குவலையால் வளைத்த மீன்களிலோ வெற்று இரைப்பைகள் ஏராளம்.

இம்முறையின் மறைமுகச் செலவு மனித உழைப்பு. கருவிச் செலவு குறைவு என்பதால் மலிவு என்று தோன்றும். ஆனால் பாதி செரித்த மீனை முதுகெலும்பு எண்ணிக்கையாலும் செவிக்கல்லின் வடிவத்தாலும் அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் அருகில் இல்லையென்றால், உங்கள் அட்டவணையில் மிகப்பெரிய வரிசை "அடையாளம் தெரியாத மீன்" என்பதாகவே இருக்கும். நம்பத்தக்க இரைப்பட்டியலுக்கு, வெற்று இரைப்பைகளைக் கழித்த பிறகும் கணிசமான எண்ணிக்கை மீதியிருக்க வேண்டும். அதாவது எண்ணியதைவிடப் பல மடங்கு மீன்களைத் திறக்க வேண்டும்.

முழுத்திசு ஐசோடோப்பு ஆய்வு

தின்பவனின் திசுவில் இரையைக் காட்டிலும் நைட்ரஜன்-15 சற்றுக் கூடுதலாகச் சேரும். கார்பன்-13 மிகக் குறைவாகவே கூடும். ஆகவே நைட்ரஜன் மட்டத்தையும், கார்பன் உணவின் தோற்றுவாயையும் காட்டும் என்பது அடிப்படை. மட்டத்துக்கு மட்டம் நைட்ரஜனில் சராசரியாக 3.4‰ (‰ என்பது ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் அளவு) கூடுகிறது என்ற எண் பாடநூல்கள் வழியே எல்லோருக்கும் மனப்பாடம்.

மாதிரி எடுப்பது எளிது. முதல் முதுகுத் துடுப்புக்குக் கீழே உள்ள வெண்தசையில் ஒரு விரல்நுனி அளவுத் துண்டு போதும். அதை உறையவைத்து உலர்த்தி, மாவுபோல் அரைத்து, ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பொடியை வெள்ளீயக் குப்பியில் இட்டு, இடுக்கியால் மடித்து மடித்துக் காற்றில்லாத சிறு கட்டியாக்கிக் கருவிக்குள் போடுகிறார்கள். ஒரே ஓட்டத்தில் நைட்ரஜன், கார்பன் இரண்டும் கிடைத்துவிடும். அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 0.2‰ அளவில்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான மீன்களை எளிதாக அளக்க இயலும் ஐசோடோப்பு முறை இது.

இவ்வளவு எளிதாக எண் கிடைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதல் இடம், அந்த 3.4. கலிபோர்னியாவின் மான்டரேயில் தொட்டியில் வளர்க்கப்பட்ட பசிபிக் நீலத்துடுப்புச் சூரைகளில் டேனியல் மேடிகன் குழுவினர் அளந்தபோது, வெண்தசையில் நைட்ரஜன் 1.9‰ மட்டுமே கூடியது, கார்பனோ 1.8‰ கூடியது. இது என்ன செய்யும் என்று கற்பனையான எண்களைக் கொண்டு பார்க்கலாம். இரண்டாம் மட்டத்தில் உள்ள விலங்கு மிதவைகளின் மதிப்பு 6‰ எனவும், சூரையின் மதிப்பு 13‰ எனவும் வைத்துக்கொண்டால், 3.4-ஐக் கொண்டு கணக்கிடும்போது சூரை 4.1-ஆம் மட்டத்தில் நிற்கும், 1.9-ஐக் கொண்டு கணக்கிட்டால் 5.7-க்கு ஏறிவிடும். மீன் மாறவில்லை, அளவீடும் மாறவில்லை. சூரையில் அளந்த 1.9-ஐச் சங்கிலி முழுவதற்கும் பொருத்துவதும் சரியல்ல என்பதால், இரண்டாவது விடையை உண்மை என்று கொள்ளவும் முடியாது. எந்த எண்ணைக் கொண்டாலும் அதற்கான காரணத்தை எழுதியே ஆக வேண்டும்.

இரண்டாம் இடம், காலம். அதே தொட்டி ஆய்வில் வெண்தசையின் அரைமாற்றக் காலம் (பழைய உணவின் அடையாளம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) நைட்ரஜனுக்கு 167 நாள், கார்பனுக்கு 255 நாள் என்றும், ஈரலில் முறையே 86, 162 நாள் என்றும் கிடைத்தது. ஜப்பான் பக்கத்திலிருந்து பசிபிக்கைக் கடந்து கலிபோர்னியா வந்த மீன், வந்து ஓராண்டு கழிந்த பிறகும் தன் தசை நைட்ரஜனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகப் பழைய கடலின் அடையாளத்தைச் சுமந்துகொண்டிருக்கும் என்பது இதன் பொருள். இடம்பெயர்வை ஆராய்பவருக்கு இது வரம். பிடிபட்ட இடத்தின் உணவு வலையை ஆராய்பவருக்கு இது தொல்லை. தசையோடு ஈரலையும் சேர்த்து எடுத்தால், இரண்டும் ஒத்துப்போகும் மீன் ஓரளவு இங்கேயே தங்கியது என்றும், ஒத்துப்போகாதது அண்மையில் வந்தது என்றும் பிரிக்க ஒரு வழி கிடைக்கும்.

மூன்றாம் இடம், எல்லாவற்றிலும் பெரியது: அடித்தள மதிப்பு. ஆக்சிஜன் குறைந்த நீரில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும்போது இலேசான நைட்ரஜன்-14-ஐ முதலில் எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சும் நைட்ரேட்டில் நைட்ரஜன்-15 கூடிவிடுகிறது. கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கிலும் அரபிக்கடலிலும் இது பெருமளவில் நடக்கிறது. மாறாக, டிரைக்கோடெஸ்மியம் போன்ற உயிரிகள் காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தும் கடல்களில் அடித்தள மதிப்பு 0‰ நோக்கி இறங்கும். வங்காள விரிகுடாவில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருந்தும் நைட்ரேட் இழப்பு அரபிக்கடல் அளவுக்கு நடப்பதில்லை. எனவே கன்னியாகுமரி மாவட்டப் படகுகள் அரபிக்கடலில் பிடித்துவந்த சூரையையும் சென்னைக்குக் கிழக்கே பிடித்த சூரையையும் அருகருகே வைத்து, நைட்ரஜன்-15 கூடுதலாக உள்ளது மேல்மட்டத்தில் மேய்கிறது என்று எழுதுவது பிழையாக முடியலாம். அந்த வேறுபாடு மீனின் உணவில் அல்லாமல் கடல்நீரிலேயே இருக்கக்கூடும்.

கார்பனில் இன்னொரு சிக்கல்: கொழுப்பில் கார்பன்-13 குறைவு. கார்பன்–நைட்ரஜன் எடை விகிதம் 3.5-க்கு மேல் போனால் கொழுப்பை நீக்க வேண்டும், அல்லது கணக்கில் திருத்த வேண்டும். மஞ்சள் துடுப்புச் சூரையின் வெண்தசை மெலிந்தது என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். நீலத்துடுப்பிலும் எந்தச் சூரையின் ஈரலிலும் தப்ப முடியாது. கரைப்பானால் கொழுப்பை நீக்கினால் நைட்ரஜன் மதிப்பும் சற்று நகரும் என்பதால் ஒரே மாதிரியை இருமுறை ஓட்ட வேண்டியிருக்கும். செலவு இரட்டிப்பாகும் இந்த இடத்தை முன்மொழிவில் பலர் எழுதுவதே இல்லை.

எந்த இரை எவ்வளவு பங்கு என்று ஐசோடோப்பு மதிப்புகளிலிருந்து கணிக்கும் கலவைக் கணக்கீடுகள் பற்றி ஒரு சொல். மிக்ஸ்சியார் போன்ற மென்பொருள்கள் இரையின் விழுக்காட்டை வண்ணப் படமாக வரைந்து தரும். இரண்டு ஐசோடோப்புகளைக் கொண்டு மூன்று இரைக்கு மேல் தீர்க்கமாகப் பிரிக்க முடியாது. ஏழு இரைகளைக் கொடுத்தாலும் மென்பொருள் மறுக்காமல் படம் வரையும். அந்தப் படத்தில் தெரிவது பெரும்பாலும் நீங்கள் தொடக்கத்தில் இட்ட அனுமானமே.

அமினோ அமில ஐசோடோப்பு ஆய்வு

முழுத்திசு முறையின் மூன்றாவது சிக்கலுக்கு விடையாகவே இது வளர்ந்தது. ஃபினைல்அலனினின் நைட்ரஜன் மதிப்பு உணவு வலையில் மேலேறும்போது ஏறக்குறைய மாறுவதில்லை; ஆகவே அது அடித்தளத்தை அப்படியே காட்டும். குளூட்டமிக் அமிலமோ மட்டத்துக்கு மட்டம் பெரிதாக உயரும். இரண்டின் வேறுபாட்டை எடுத்தால் அடித்தளம் கழிந்து ஊட்ட மட்டம் மட்டும் மிஞ்சும். மிதவை உயிரிகளைத் தனியே பிடித்து அளக்காமல், மீனின் தசைக்குள்ளேயே அடித்தளமும் மட்டமும் சேர்ந்து கிடைப்பதுதான் இதன் அழகு.

இதற்குச் சூரையிலேயே நல்ல சான்று உண்டு. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பிரையன் பாப் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கின் மஞ்சள் துடுப்புச் சூரைகளின் முழுத்திசு நைட்ரஜன் மதிப்பு இடத்துக்கு இடம் வெகுவாக வேறுபட்டது. அமினோ அமிலங்களைப் பிரித்துப் பார்த்தபோது, வேறுபாட்டின் பெரும்பகுதி அடித்தளத்தினுடையது என்றும், மீன்களின் ஊட்ட மட்டம் அவ்வளவாக மாறவில்லை என்றும் தெரிந்தது. முழுத்திசுவை மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால், உணவுப் பழக்கமே மாறுவதாக ஒரு முழுக் கட்டுரை எழுதியிருக்கலாம்.

ஆயினும் இது எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. யோஷிட்டோ சிகரைஷி குழுவினர் 2009-இல் தந்த, பரவலாகப் பயன்படும் வாய்ப்பாட்டில், குளூட்டமிக் அமிலத்துக்கும் ஃபினைல்அலனினுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து 3.4-ஐக் கழித்து, 7.6-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். மேல்மட்ட இரையுண்ணிகளில் 7.6 மிக அதிகம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இயற்கையில் வாழும் கடல்மீன்களுக்கு 5.7-ஐ ஒட்டிய மதிப்பு முன்வைக்கப்பட்டது. வேறுபாடு 22‰ எனக் கொண்டால், 7.6-ஆல் மட்டம் 3.4, மற்ற எண்களை மாற்றாமல் 5.7-ஐ மட்டும் இட்டால் 4.3. முழுத்திசுவில் விட்டுவந்த அதே தகராறு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. மீன்களை ஒன்றோடொன்று ஒப்பிடுபவருக்கு இது பெரிய இடையூறல்ல, ஏனெனில் எந்த எண்ணை இட்டாலும் வரிசை மாறாது. சூரையின் மட்டம் இவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல விரும்புபவருக்கே தலைவலி.

செலவு முழுத்திசுவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் போகும் என்று எண்ணித் திட்டமிடுங்கள். தசையை வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கிப் புரதத்தை உடைத்து, அமினோ அமிலங்களைத் தூய்மையாக்கி, ஆவியாகும் வடிவுக்கு வேதிமாற்றம் செய்து, வாயு நிறப்பகுப்பியில் ஒவ்வொன்றாகப் பிரித்து எரிக்க வேண்டும். ஒரே மாதிரியை மும்முறை செலுத்துவது வழக்கம். அப்படியும் பிழை 0.5 முதல் 1‰ வரை இருக்கும். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றில் ஐசோடோப்பு விகிதத்தை அளக்கும் கருவிகளான நிறைமானிகள் இருக்கின்றன. ஆனால் நிறைமானி இருக்கும் இடத்திலெல்லாம் அமினோ அமில ஓட்டம் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறைகளை முடிக்க வேண்டும். உறைநிலை அனுப்புகைக்கான செலவு அதற்கு மேல். ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது என்பதால் கோப்பு விரைந்து நகரும் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கான காலத்தை ஆய்வு அட்டவணையில் ஒதுக்கி வையுங்கள்.

துணைக்கு வரும் இரண்டு

இரைப்பையில் உள்ள கூழை மரபணுக் குறியீட்டால் படிப்பது, "அடையாளம் தெரியாத மீன்" வரிசையைச் சுருக்கும். ஆனால் எவ்வளவு தின்றது என்பதை அது நம்பத்தக்க அளவில் சொல்லாது. இரையின் வயிற்றுக்குள் இருந்த இரையும் பட்டியலில் ஏறிவிடும். கொழுப்பு அமில ஆய்வு சூரையில் குழப்பமானது: இந்த மீன்கள் டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தைத் தசையில் தாமே பிடித்து வைத்துக்கொள்வதால், தசையின் கொழுப்பு அமில வரைவு இரையை முழுமையாகப் பிரதிபலிப்பதில்லை. இரண்டையும் தனி முறையாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | இரைப்பை | முழுத்திசு | அமினோ அமிலம் |
|---|---|---|---|
| இரையின் இனம் | தெரியும் | தெரியாது | தெரியாது |
| ஊட்ட மட்டம் | மறைமுகமாக | அடித்தளம் தெரிந்தால் மட்டும் | அடித்தளம் தனியே தேவையில்லை |
| காலச் சாளரம் | ஒரு நாளுக்குள் | மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேல் | ஏறத்தாழ அதே திசுவின் காலம் |
| படகில் தேவை | முழு இரைப்பை, உடனடி உறைவு | விரல்நுனித் தசை | விரல்நுனித் தசை |
| ஒரு மீனுக்கான ஆய்வகச் செலவு | மிகக் குறைவு | குறைவு | மிக அதிகம் |
| மறைமுகச் செலவு | அடையாளம் காணும் நிபுணர், வெற்று இரைப்பைகள் | அடித்தள மாதிரிகள், கொழுப்புத் திருத்தம் | மும்முறை ஓட்டம், அனுமதி, காத்திருப்பு |

எந்தச் சூழலில் எதைத் தேர்வது

ஒரே துறைமுகத்தை ஒட்டிய சிறிய பரப்பில், ஒரே பருவத்தில், சிறிய மீனும் பெரிய மீனும் வேறு வேறு இரையைத் தேடுகின்றனவா என்பது கேள்வியானால், முழுத்திசுவும் இரைப்பையும் போதும்; அமினோ அமிலத்துக்குப் பணம் கட்டுவது வீண். அடித்தளம் எல்லா மீனுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதால், வேறுபாட்டை உணவின் வேறுபாடாகவே படிக்கலாம். பெரிய மீன்கள் வெளியிலிருந்து அண்மையில் வந்தவையா என்பதை மட்டும் ஈரலைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இரு கடல்களை, அல்லது ஒரே கடலில் பல பாகை அகலக்கோடுகளை ஒப்பிடுவதானால், அமினோ அமிலம் இல்லாமல் ஊட்ட மட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் எல்லா மீன்களிலும் அதைச் செய்ய வேண்டியதில்லை. எல்லா மீன்களிலும் முழுத்திசுவை அளந்து, கிடைத்த மதிப்புகளின் உயர்ந்த முனை, தாழ்ந்த முனை, நடு ஆகிய மூன்றிலிருந்தும் சில மீன்களைத் தேர்ந்து அவற்றில் மட்டும் அமினோ அமிலங்களைப் பிரித்தால், வேறுபாடு அடித்தளத்தினுடையதா உணவினுடையதா என்பது தெளிவாகிவிடும். குறைந்த நிதியுள்ள முனைவர் பட்ட ஆய்வுக்கு இந்தக் கூட்டு ஏற்பாடே என் முதல் தேர்வு.

இயல் வாழ்விடத்தில் எந்த இரை குறைந்தால் சூரை பாதிக்கப்படும் என்று கேட்கும் மீன்வள மேலாண்மை ஆய்வுகளுக்கு இனப்பெயர் இன்றியமையாதது. அங்கே இரைப்பை ஆய்வை எதுவும் ஈடுசெய்யாது. ஐசோடோப்பு அதற்குக் காவல் நிற்கும்: இரைப்பையில் இறால் வகை நிறைந்திருந்தும் தசையின் மதிப்பு அதற்குப் பொருந்தாமல் போனால், இறால் மந்தை தற்செயலாகக் கிடைத்த விருந்து என்று கொள்ளலாம்.

பழைய சேமிப்பு மாதிரிகளை வைத்துப் பல்லாண்டு மாற்றத்தை ஆராய்வதானால், நைட்ரஜனைவிடக் கார்பனே கூடுதல் கவனம் கேட்கும். புதைபடிவ எரிபொருளின் கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்து கார்பன்-13-ஐ ஆண்டுதோறும் குறைத்து வருகிறது. அதைக் கழித்த பிறகே உணவு வலையைப் பற்றிப் பேச முடியும். ஆன் லொரேன் உள்ளிட்ட பன்னாட்டுக் குழு 2000 முதல் 2015 வரை பல பெருங்கடல்களில் பிடிக்கப்பட்ட சூரைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கார்பன்-13 மதிப்பு 0.8 முதல் 2.5‰ வரை சரிந்திருந்தது. எரிபொருள் கார்பன் மட்டும் இவ்வளவு சரிவை விளக்காது என்பதால், தாவர மிதவை உயிரிகளின் கூட்டமைப்பே மாறியிருக்கக்கூடும் என்று அவர்கள் முன்வைத்தனர். இவ்வகை ஆய்வுக்கு மாதிரிகள் எப்படிச் சேமிக்கப்பட்டன என்ற குறிப்பு மிக முக்கியம்: ஃபார்மலினிலோ எத்தனாலிலோ கிடந்த தசையின் கார்பன் மதிப்பை உறைநிலையில் இருந்ததோடு நேரடியாக ஒப்பிடக்கூடாது.

இன்னும் தீர்மானிக்க இயலாமல், படகு மட்டும் நாளை புறப்படுகிறது என்றால், ஒவ்வொரு மீனிலும் வெண்தசையில் இரு துண்டுகளும் ஈரலில் ஒரு துண்டும் எடுத்துத் தனித்தனி உறையில் உறையவையுங்கள்; இரைப்பையைக் கட்டி அப்படியே வையுங்கள்; நீளம், எடை, பிடித்த நாள், அட்சரேகை, தீர்க்கரேகை, பயன்படுத்திய தூண்டில் இரை ஆகியவற்றை உறையின் மேலேயே எழுதுங்கள். தூண்டில் இரையிலும் சிலவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரைப்பைக்குள் அதை அடையாளம் காண உதவும். முறையைக் கரைக்கு வந்து தேர்ந்தெடுக்கலாம். பிடித்த இடம் எழுதப்படாத தசைத் துண்டை மட்டும் மூன்று முறைகளில் எதற்கும் பயன்படுத்த முடியாது.